படத்தில் கை வைக்கலாமா? போட்டோ எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இருபத்தைந்து வருஷம் ஸ்டூடியோ வைத்திருந்தேன். பகலில் பாஸ்போர்ட் சைஸ், முகூர்த்த நாட்களில் கல்யாணம், இடையிடையே நாளிதழ்களுக்குச் செய்திப்படம். காலையில் மணப்பெண்ணின் முகப்பருவை அழித்த அதே கம்ப்யூட்டரில், மாலையில் விபத்துப் படத்தில் ஒட்டியிருக்கும் தூசியைத் தொடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் சில பிள்ளைகளுக்குக் கேமரா சொல்லிக் கொடுக்கிறேன். லென்ஸ், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடுகிறது. அப்புறம் வருபவை இந்தக் கேள்விகள்தான்.

"கேமரா பொய் சொல்லாது" என்பது எப்போதாவது உண்மையாக இருந்ததா?

இல்லை. கேமரா பிறந்த மறுவருஷமே பொய் சொல்லிவிட்டது. பிரான்ஸில் டாகேர் என்பவர் கண்டுபிடித்த படமெடுக்கும் முறை 1839-இல் வெளியாகி அவருக்குப் பேரும் பணமும் வந்தது. அதே காலத்தில் தானாக வேறொரு முறையைக் கண்டுபிடித்திருந்த ஹிப்போலித் பயாரை யாரும் கண்டுகொள்ளவில்லை. அவர் 1840-இல், தண்ணீரில் மூழ்கிச் செத்தவர் போலச் சாய்ந்து உட்கார்ந்து தன்னைத்தானே படம் எடுத்தார். அரசு டாகேருக்கு வாரிக் கொடுத்து இவரைக் கைவிட்டதால் இந்தத் துரதிர்ஷ்டசாலி மூழ்கி மாண்டான் என்று படத்தின் பின்புறம் எழுதினார். அதற்கப்புறம் 47 வருஷம் உயிரோடு இருந்தார். படத்தில் எந்தத் திருத்தமும் கிடையாது. பொய் பாதி நடிப்பில் இருந்தது, மீதி பின்பக்கத்து எழுத்தில் இருந்தது.

பயாராவது கசப்பில் ஒரு கேலி செய்தார் என்று விடலாம். போர்க்களத்துக்குப் போனவர்கள் அப்படியில்லை. 1855-இல் கிரிமியப் போரில் ரோஜர் ஃபென்டன் ஒரே பள்ளத்தாக்கை, ஒரே இடத்தில் கேமராவை வைத்து இரண்டு முறை எடுத்தார். ஒன்றில் பீரங்கிக் குண்டுகள் சாலையோரப் பள்ளத்தில் கிடக்கின்றன. இன்னொன்றில் சாலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. சாலை காலியாக இருக்கும் படம்தான் முதலில் எடுக்கப்பட்டது என்று, சரிவில் கிடந்த சிறு கற்கள் எந்தப் பக்கம் உருண்டிருக்கின்றன என்பதை வைத்துப் பிற்காலத்தில் சொன்னார்கள். குண்டுகளைச் சாலையில் பரப்பியது யார், ஏன் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை.

1858-இல் லக்னோவுக்கு வந்த ஃபெலிச்சே பியாட்டோ, சிக்கந்தர் பாக் முற்றத்தில் எலும்புகள் சிதறிக் கிடப்பதைப் படமாக்கினார். சண்டை நடந்தது 1857 நவம்பரில். மாதக்கணக்கில் கழித்து வந்தவருக்கு முன்னால் எலும்புகள் அவ்வளவு நேர்த்தியாகப் பரவிக் கிடந்தது எப்படி? படத்துக்காகப் பரப்பியதுதான் என்று பலரும் சொல்கிறார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863-இல், அலெக்ஸாண்டர் கார்ட்னர் குழுவினர் கெட்டிஸ்பர்க்கில் இறந்துகிடந்த ஒரு சிப்பாயின் உடலைச் சுமார் 40 கஜம் தூக்கிக்கொண்டு போய், கல்லடுக்கு ஒன்றின் பின்னால் கிடத்தி, துப்பாக்கி ஒன்றையும் சாய்த்து வைத்து, மறைந்திருந்து சுடும் வீரன் என்று பெயர் வைத்தார்கள். நூறு வருஷத்துக்கு மேல் அது அப்படியே நம்பப்பட்டது.

போட்டோஷாப் வந்தது 1990-இல்தான். அதற்குமுன் எல்லாரும் யோக்கியர்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம்.

சார், ஸ்டூடியோவில் நீங்கள் செய்த டச்சிங் மட்டும் பொய் இல்லையா?

இதைக் கேட்காத பிள்ளை இல்லை. நியாயமான கேள்வி.

ஃபிலிம் காலத்தில் சாய்வான கண்ணாடி மேஜையில் நெகட்டிவை வைத்து, ஊசிபோல் கூர் சீவிய பென்சிலால் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருவளையத்தை நிரப்புவோம். நெகட்டிவில் கருப்பு ஏறினால் பிரிண்டில் வெளுப்பாகும், அதுதான் சூட்சுமம். இறந்துபோன தாத்தாவுக்குத் தனிப்படமே இருக்காது. யாரோ ஒருவர் கல்யாணத்தில், பந்திக்குப் பக்கத்தில் பாதி திரும்பி நிற்கிற படம்தான் கிடைக்கும். அந்த முகத்தை வெட்டி எடுத்துக் கோட்டு போட்ட உடம்பில் பொருத்தி, பின்னால் நீலத் திரை வைத்துக் கொடுப்போம். வாழ்நாளில் ஒருநாளும் கோட்டு போடாத மனிதர், சுவரில் மாலைக்குள் கோட்டோடு இருப்பார். சேர்ந்து ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளாத தாத்தா பாட்டியைப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்திருக்கிறேன். படத்தை வாங்கிய மகள் கடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அவளை நான் ஏமாற்றவில்லை. அது ஒட்டுவேலை என்று அவளுக்குத் தெரியும். கேட்டு வாங்கியதே அதைத்தான்.

ஃப்ளெக்ஸ் பேனரும் இப்படித்தான். வட்டச் செயலாளர் தலைவரோடு தோளுரசி நிற்பார். அவர்கள் நேரில் அப்படி நின்றார்கள் என்று தெருவில் ஒருத்தரும் நம்புவதில்லை. ஆனால் அதே படத்தை யாராவது செல்போனில் கத்தரித்து, "நேற்றைய சந்திப்பு" என்று எழுதி அனுப்பினால் கதை மாறிவிடும். படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பார்ப்பவருக்குக் கொடுத்த வாக்குதான் மாறிவிட்டது.

எனக்கு அளவுகோல் அதுதான். படத்தைக் கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? "அழகாக இருக்கிறீர்கள்" என்றா, "இது நடந்தது" என்றா? இரண்டாவதைச் சொல்லிவிட்டால் கை கட்டப்பட்டுவிடும்.

செய்திப்படத்தில் எதுவரை திருத்தலாம்?

அசோசியேட்டட் பிரஸ், ராய்ட்டர்ஸ் போன்ற செய்தி நிறுவனங்களின் விதிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். சென்சாரில் ஒட்டிய தூசியை எடுக்கலாம். கிராப் செய்யலாம், அதாவது ஓரங்களை வெட்டலாம். வெளிச்சத்தையும் நிறத்தையும் கண் பார்த்த அளவுக்குக் கொண்டுவரலாம். இருண்ட பகுதியைக் கொஞ்சம் தூக்கலாம், வெளுத்ததைக் கொஞ்சம் அடக்கலாம். டார்க் ரூமில் கையை அசைத்து அசைத்துச் செய்த வேலைதான் இது. படத்தில் இருந்ததை நீக்கவோ இல்லாததைச் சேர்க்கவோ கூடாது. ஃபிளாஷ் பட்டுச் சிவந்த கண்ணைக்கூடச் சரிசெய்யக் கூடாது என்கிறது அசோசியேட்டட் பிரஸ். கல்யாண ஆல்பத்தில் சிவப்புக் கண்ணை விட்டுவைத்தால் பணம் தரமாட்டார்கள். இங்கே எடுத்தால் வேலை போய்விடும்.

2015-இல் ராய்ட்டர்ஸ் இன்னும் ஒரு படி போனது. ரா ஃபைலிலிருந்து, அதாவது சென்சார் பதிந்த பச்சைத் தகவலிலிருந்து, பதப்படுத்திய படங்களை அனுப்பாதீர்கள், கேமராவே படமாக்கிப் பதிவு செய்த ஜேபெக் ஃபைல் மட்டும் போதும் என்று வெளியிலிருந்து படம் தருபவர்களிடம் சொன்னது. சீக்கிரம் வரும் என்பது ஒரு காரணம், குறைவாகக் கை வைப்பார்கள் என்பது இன்னொரு காரணம். எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. கேமராவுக்குள் இருக்கும் சில்லும் நிறத்தைக் கூட்டத்தான் செய்கிறது. அதைச் செய்தது ஜப்பானில் உட்கார்ந்திருந்த ஒரு பொறியாளர் என்பதால் அது நேர்மையாகிவிடுமா என்ன?

கிராப் செய்வதும் மறைப்பதுதானே? அதை மட்டும் ஏன் விட்டுவிடுகிறார்கள்?

படம் எடுப்பதே வெட்டுவதுதான் என்பதால். கண் முன்னால் சுற்றிலும் விரிந்து கிடப்பதில் நாலு மூலை வைத்து ஒரு துண்டை எடுக்கிறோம். அதைப் பிறகு இன்னும் கொஞ்சம் இறுக்குவதை யாரும் குற்றம் சொல்வதில்லை.

வியட்நாமில் 1972 ஜூன் 8-ஆம் தேதி, நாபாம் குண்டில் வெந்த சிறுமி சாலையில் ஓடிவரும் படம் எல்லாருக்கும் தெரியும். முழு ஃபிரேமில் வலது ஓரத்தில் ஒரு போட்டோகிராபர் குனிந்து தன் கேமராவுக்கு ஃபிலிம் மாற்றிக்கொண்டிருக்கிறார். வெளியான படத்தில் அவரை வெட்டிவிட்டார்கள். பார்வை சிறுமியிடம் போகிறது. அதே நேரம், "பக்கத்திலேயே கேமராக்காரர்கள் நின்றார்கள்" என்ற உண்மையும் வெட்டுப்பட்டுப் போகிறது. நான் ஆசிரியராக இருந்தாலும் வெட்டியிருப்பேன். ஆனால் ஒன்றும் இழக்கவில்லை என்று சொல்லமாட்டேன். (அந்தப் படத்தை எடுத்தது நிக் ஊட்தானா என்பதே 2025-இல் சர்ச்சையாகி, ஆண்டுதோறும் உலகச் செய்திப்படங்களுக்குப் பரிசு தரும் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அமைப்பு அவர் பெயரை நிறுத்தி வைத்தது. அசோசியேட்டட் பிரஸ் அவர் பெயரையே வைத்திருக்கிறது.)

கிராப்பைவிடப் பெரிய வேலையை லென்ஸ் செய்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. நீளமான டெலி லென்ஸை மாட்டித் தூரத்திலிருந்து எடுத்தால், ஆறடி விட்டு நிற்பவர்கள் தோளோடு தோள் முட்டுவதுபோல் தெரிவார்கள். கூட்டம் வராத மாநாட்டுக்கு டெலி, கூட்டம் வந்ததைக் குறைத்துக் காட்ட மேடைக்குப் பக்கவாட்டில் காலி நாற்காலி தெரிகிற மாதிரி அகலக் காட்டும் வைட் லென்ஸ். ஒரு பொத்தானும் தட்ட வேண்டாம். இரண்டு படமும் எந்த விதியையும் மீறாது, இரண்டு கட்சிக்காரர்களும் மறுநாள் ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு வருவார்கள்.

ஓரத்தில் ஒரு சின்னப் பொருளை நீக்கினால் என்ன குடி முழுகிவிடும்?

பலருக்கு முழுகியிருக்கிறது. 2010-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோவில் பரிசு வாங்கிய ஸ்டெபான் ருடிக், உக்ரைனில் தெருச்சண்டைக்குத் தயாராகும் இளைஞர்களை எடுத்திருந்தார். கையில் கட்டுப் போடும் படத்தில், விரல்களுக்குப் பின்னால் இன்னொருவரின் கால்நுனி துருத்திக்கொண்டிருந்தது. அதை அழித்தார். பரிசு போனது. இதில் வேடிக்கை என்னவென்றால், அவர் வண்ணப் படத்தின் பெரும்பகுதியை வெட்டி எறிந்து, கருப்பு வெள்ளையாக்கி, சொரசொரப்பும் ஏற்றியிருந்தார். அதெல்லாம் செல்லுபடி. கால்நுனி செல்லாது.

முட்டாள்தனமான கோடு என்று தோன்றுகிறதா? எனக்கும் முதலில் தோன்றியது. ஆனால் கோடு எங்காவது இருந்தே ஆக வேண்டும். "முக்கியமில்லாததை நீக்கலாம்" என்று விதி வைத்தால், எது முக்கியமில்லாதது என்று முடிவு செய்பவர் படம் எடுத்தவர்தான். சிரியாவில் நார்சிசோ கான்ட்ரெராஸ் ஒரு போராளியைப் படம் எடுத்தபோது, மூலையில் சக செய்தியாளரின் வீடியோ கேமரா தரையில் கிடந்தது. கண்ணை இழுக்கிறது என்று அதை அழித்தார். 2014-இல் அவரே ஒப்புக்கொண்டார். அவருடைய மற்ற நூற்றுக்கணக்கான படங்களையும் சோதித்தார்கள், ஒன்றிலும் குற்றமில்லை. இருந்தும் அசோசியேட்டட் பிரஸ் உறவை முறித்துக்கொண்டது. முந்தின வருஷம்தான் அவர் இருந்த குழுவுக்கு புலிட்சர் பரிசு கிடைத்திருந்தது. அவர் அழித்தது எதை என்று பாருங்கள். அந்த இடத்தில் ஊடகக்காரர்கள் இருந்தார்கள் என்பதற்கான சாட்சியை. அது முக்கியமில்லாததா?

பிரையன் வால்ஸ்கி 2003-இல் ஈராக்கின் பாஸ்ராவில் சில நொடி இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை ஒன்றாக்கினார். ஒன்றில் சிப்பாயின் கை நன்றாக இருந்தது, இன்னொன்றில் குழந்தையைத் தூக்கிவரும் மனிதர். பின்னால் உட்கார்ந்திருந்தவர்களில் சிலர் படத்தில் இரண்டு தடவை இருந்தார்கள். அதை வைத்துத்தான் மாட்டினார். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் அவரை நீக்கிவிட்டது. 2006-இல் லெபனானில் அத்னான் ஹாஜ், பெய்ரூட் மீது எழுந்த குண்டுப் புகையை நகலெடுத்துக் கூட்டினார். குண்டு விழுந்தது நிஜம், புகை நிஜம். கொஞ்சம் அதிகமாகக் காட்டினார், அவ்வளவுதான். ராய்ட்டர்ஸ் அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து எடுத்தது. பொய்யான புகையால் நிஜமான புகையையும் நம்பாமல் போக ஒரு கூட்டத்துக்குச் சாக்குக் கிடைத்தது.

நிறம், வெளிச்சம் கூட்டுவதில் தவறு உண்டா?

உண்டு. 1994 ஜூனில் ஓ.ஜே. சிம்ப்சன் கொலை வழக்கில் கைதானபோது போலீஸ் எடுத்த ஒரே படத்தை இரண்டு அமெரிக்கப் பத்திரிகைகள் அட்டையில் போட்டன. நியூஸ்வீக் அப்படியே போட்டது. டைம் அவர் தோலைக் கருப்பாக்கிப் போட்டது. கடையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கின. கருப்பாக்கினால் குற்றவாளியாகத் தெரிவான் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று நாடே கேட்டது. முகத்தை வெளுப்பாக்குவதை "எடுப்பா இருக்கு" என்று சொல்லிப் பழகிய நம் ஸ்டூடியோக்காரர்களும் அந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம். நானும் வருஷக்கணக்கில் செய்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும் படம் என்றால், கேட்காமலேயே இரண்டு புள்ளி ஏற்றிவிடுவோம்.

எடுத்த பிறகு தொடவே இல்லை. எடுக்கும் முன் ஏற்பாடு செய்தால்?

பயாரை நினைத்துப் பாருங்கள். 2009-இல் சிறந்த காட்டுயிர்ப் படத்துக்கான பெரிய பரிசு, வேலியைத் தாண்டிக் குதிக்கும் ஓநாய்க்குக் கிடைத்தது. அது பழக்கப்பட்ட ஓநாய் என்று நடுவர்கள் முடிவு செய்து 2010 ஜனவரியில் பரிசைத் திரும்பப் பெற்றார்கள். 2017-இல் அதே போட்டியில் ஒளிரும் கரையான் புற்றை நெருங்கும் எறும்புண்ணி பரிசு வாங்கியது. பிரேசில் காட்டுப் பூங்காவின் வரவேற்புக் கூடத்தில் பாடம் செய்து வைத்திருந்த எறும்புண்ணியும் அதுவும் ஒன்றே என்று நிபுணர்கள் சொன்னார்கள். படம் எடுத்தவர் மறுத்தார், பரிசு போனது. நம் பக்கம் இது இன்னும் சின்ன அளவில் நடக்கிறது. தவளையை ஃபிரிட்ஜில் வைத்து மந்தமாக்கி இலையில் உட்கார வைப்பது, பூச்சியைப் பசை போட்டு ஒட்டுவது. இதில் பொய்யோடு கொடுமையும் சேர்கிறது. அந்த மாதிரிப் படத்தை வகுப்பில் காட்டினால் நான் பார்க்கவே மாட்டேன்.

பாரிஸில் ராபர்ட் துவானோ 1950-இல் எடுத்த தெரு முத்தம், நடிப்புப் படிக்கும் ஒரு ஜோடியை வைத்து எடுத்தது. தொண்ணூறுகளில் கோர்ட் வழக்கு வந்தபோதுதான் வெளியே தெரிந்தது. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை என்றே நினைக்கிறேன், மனது உடைந்த சிலரைத் தவிர.

அரசு விழாவில் "சார், இன்னொரு தடவை கத்தரியைப் பிடிங்க" என்று நாங்கள் கத்துவது? அது எல்லாருக்கும் தெரிந்த நாடகம். விவசாயி அழுவதை "இன்னொரு தடவை" கேட்கக்கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

படம் உண்மை, எழுதியது தவறு. இதையும் போலி என்று சொல்லலாமா?

நான் சொல்வேன். நம் கையில் வந்து சேரும் பொய்ப்படங்களில் பெரும்பாலானவை இந்த ரகம்தான். எங்கோ, எப்போதோ வந்த வெள்ளம் நம் ஊர் ஏரி உடைந்ததாகச் சுற்றிவரும். 2015-இல் வேர்ல்ட் பிரஸ் போட்டோ, ஜோவான்னி ட்ரோய்லோ என்ற இத்தாலியரிடமிருந்து முதல் பரிசைப் பறித்தது. பெல்ஜியத்தின் ஷார்லெருவா நகரம் பற்றிய தொடரில் ஒரு படம் பிரஸ்ஸல்ஸ் பக்கம் எடுத்தது. ஊர்ப்பெயர் தவறு, அது போதும்.

அதே 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தைப் பிரதமர் வானிலிருந்து பார்வையிட்ட படத்தை, மத்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் ட்விட்டரில் போட்டது. ஜன்னல் வட்டத்துக்குள் மூழ்கிய வீடுகள் பளிச்சென்று தெரிந்தன. அந்தக் காட்சி தனியாக ஒட்டப்பட்டது. கொஞ்ச நேரத்தில் நெட்டில் கண்டுபிடித்துக் கேலி செய்தார்கள், அலுவலகம் படத்தை நீக்கி, இரண்டு படங்களை இணைத்துவிட்டதாகச் சொல்லி வருத்தம் தெரிவித்தது. பிரதமர் வந்தது நிஜம், வெள்ளம் நிஜம். ஒட்டாமல் விட்டிருந்தால் ஜன்னல் வழியே மங்கலாகத் தெரிந்திருக்கும், ஒருத்தரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். போட்டோ ஒட்டுகிற ஆசை அப்படிப்பட்டது, எனக்குத் தெரியும்.

இறந்தவர்களை, அழுகிறவர்களை எடுக்கலாமா?

இதற்கு நேரான பதில் என்னிடம் இல்லை. மூன்று பேரைச் சொல்கிறேன்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தில் பெரும் பஞ்சம். மதராஸ் ராணுவத்தில் இருந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர், எலும்பும் தோலுமான மனிதர்களை, குழந்தைகளை, வரிசையாக உட்கார வைத்து, குடும்பப் படம் எடுப்பதுபோல் எடுத்தார். ஆல்பத்தில் வைக்கிற மாதிரி அமைப்பு. இன்று அந்தப் பஞ்சத்துக்குக் கண்ணால் காணும் சாட்சி அந்தப் படங்கள்தான். அவை இல்லாவிட்டால் நமக்கு எண்கள் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் பார்க்கும்போதெல்லாம் ஒரு கேள்வி வருகிறது, உட்கார முடியாதவர்களை நிமிர்த்தி உட்கார வைத்தது யார்? அதே ஹூப்பர் 1886-இல் பர்மாவில் மரண தண்டனை நிறைவேற்றும் கணத்தைப் படம் பிடித்தார். அது பெரிய விவகாரமாகி விசாரணை வரை போனது.

கெவின் கார்ட்டர் 1993-இல் சூடானில் எடுத்த படம், குனிந்து கிடக்கும் குழந்தையும் பின்னால் காத்திருக்கும் கழுகும். மார்ச்சில் நியூயார்க் டைம்ஸில் வந்ததும் "குழந்தை என்ன ஆனது?" என்று வாசகர்கள் கேட்டுக் குவித்தார்கள். அடுத்த வருஷம் புலிட்சர், சில மாதத்தில் தற்கொலை. அவர் கழுகை விரட்டியதாகச் சொன்னார். குழந்தை அன்று சாகவில்லை என்பது வெகுகாலம் கழித்துத் தெரிந்தது. இவரைத் திட்டுவது சுலபம். அந்தப் படத்தால் சூடான் பக்கம் உலகம் திரும்பியதும் உண்மை.

மூன்றாவது, நம் கடலூர். சுனாமி வந்து இரண்டு நாள் கழித்து, 2004 டிசம்பர் 28. ராய்ட்டர்ஸின் ஆர்க்கோ தத்தா எடுத்தது. மணலில் விழுந்து, இரண்டு உள்ளங்கையையும் வானம் பார்க்க விரித்து ஒரு பெண் அழுகிறார். பக்கத்தில் அவருடைய உறவினரின் உடல். அந்த உடலின் கை மட்டும்தான் ஃபிரேமுக்குள் வருகிறது. முகம் இல்லை. அந்த வருஷத்தின் வேர்ல்ட் பிரஸ் போட்டோ அது. அந்த வாரம் கரையோரம் எங்கும் பிணங்கள். அவற்றை எடுத்தவர்கள் ஏராளம். எது மனதில் நின்றது என்று பாருங்கள். ஃபிரேமை எங்கே நிறுத்துவது என்பதிலேயே மரியாதை இருக்கிறது. இதற்கு விதிப்புத்தகம் கிடையாது.

ஒருவரிடம் கேட்காமல் எடுக்கலாமா?

தெருவில் எடுப்பதற்கு இந்தியாவில் பொதுவான தடை இல்லை. ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் எடுப்பதோ பரப்புவதோ தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின்படி குற்றம். மூன்று வருஷம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் அடையாளம் தெரியும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது போக்சோ சட்டத்தின் 23-ஆம் பிரிவு. முகத்தை மறைத்துவிட்டு வீட்டு வாசலையும் பள்ளி யூனிஃபார்மையும் போடுகிறார்கள், அதுவும் அடையாளம்தான்.

சட்டத்துக்கு அப்பாலும் ஒரு கணக்கு இருக்கிறது. 2002 குஜராத் கலவரத்தில் கைகூப்பிக் கெஞ்சும் ஒரு தையல்காரரை இதே ஆர்க்கோ தத்தா எடுத்தார். கலவரத்தின் முகமாக அது உலகம் சுற்றியது. அந்த மனிதர் போன ஊரிலெல்லாம் அடையாளம் தெரிந்து வேலை போனது, ஊர் ஊராக மாற வேண்டியிருந்தது. தன் படத்தைப் பயன்படுத்தாதீர்கள் என்று பலமுறை கேட்டுக்கொண்டார். படம் உண்மை, எடுத்ததிலும் தவறு சொல்லமாட்டேன். வருஷக்கணக்கில் நோட்டீசிலும் போஸ்டரிலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அச்சடித்தவர்களைத்தான் சொல்கிறேன்.

ஏஐ வந்த பிறகு இதெல்லாம் எதற்கு?

இப்போதுதான் கூடுதலாகத் தேவை. 2023-இல் ஜெர்மனியின் போரிஸ் எல்டாக்சன், ஏஐ உருவாக்கிய படத்தைச் சோனி நடத்தும் உலகப் போட்டிக்கு அனுப்பிப் பரிசும் வாங்கி, "இது போட்டோவே இல்லை" என்று மறுத்துவிட்டார். அடுத்த வருஷம் மைல்ஸ் ஆஸ்ட்ரே தலைகீழாகச் செய்தார். தலையை உடம்புக்குள் மறைத்துச் சொறியும் ஃபிளமிங்கோவின் நிஜப் படத்தை ஏஐ பிரிவுக்கு அனுப்பினார். பரிசு கிடைத்தது. உண்மையைச் சொன்னதும் பறித்துவிட்டார்கள்.

இவை விளையாட்டு. 2023 மே 28 அன்று டெல்லியில் புதிய நாடாளுமன்றத்தை நோக்கிப் போன மல்யுத்த வீராங்கனைகளைப் போலீஸ் வேனில் ஏற்றினார்கள். வேனுக்குள் எடுத்த செல்ஃபியில் அவர்கள் முகம் இறுகியிருந்தது. சில மணி நேரத்தில் அதே செல்ஃபி, எல்லாரும் பல் தெரியச் சிரிப்பதாகச் சுற்றியது. ஏதோ ஒரு ஆப்பில் போட்டுச் சிரிப்பை ஒட்டியிருந்தார்கள். முகப்பருவை நீக்கும் அதே ஆப் ரகம். கடையில் நான் செய்த வேலைக்கும் இதற்கும் கருவியில் வித்தியாசமே இல்லை.

செல்போனும் இப்போது தானாகவே வரைகிறது. 2023-இல் ஒருவர் வேண்டுமென்றே கலங்கலாக்கிய நிலாப் படத்தைக் கம்ப்யூட்டர் திரையில் வைத்து, சாம்சங் போனால் எடுத்தார். திரையில் இல்லாத பள்ளங்கள் போன் படத்தில் தெளிவாக வந்தன.

போலியைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் படத்தைத் தலைகீழாகத் தேடுங்கள், அதாவது படத்தையே கொடுத்து கூகுளில் தேடுங்கள். பழைய வெள்ளம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் நிழல் விழும் திசை, கண்ணாடியில் தெரியும் பிம்பம், திரும்பத் திரும்ப வரும் ஒரே வடிவம். 2008 ஜூலையில் ஈரான் நான்கு ஏவுகணைகள் ஏவியதாக ஒரு படம் உலகப் பத்திரிகைகளின் முதல் பக்கத்தில் வந்தது. இரண்டு இடங்களில் புகைச் சுருள் அச்சு அசலாக ஒன்றாக இருந்தது. நிஜப் படத்தில் மூன்றுதான் பறந்தன.

எக்சிஃப் தகவலை, அதாவது எடுத்த நேரம், கேமரா போன்றவற்றைப் படத்தின் ஃபைலிலேயே பதிந்து வைக்கும் குறிப்பை, நம்பி உட்கார வேண்டாம். வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் அது இருக்காது, இருந்தாலும் மாற்றலாம். எடுத்த நொடியிலேயே கேமரா கையெழுத்திட்டு, பிறகு நடந்த திருத்தங்களையும் படத்தோடே எழுதிவைக்கும் முறை வந்திருக்கிறது. 2023-இல் லைக்கா எம்11-பி கேமராவில் முதலில் வந்தது. அந்த விலைக்கு எங்கள் தெருவில் இடமே வாங்கலாம் என்று ஒரு பையன் சொன்னான். கொஞ்சம் மிகை, ஆனாலும் விஷயம் சரி.

நீங்கள் செய்திப்படத்தில் கை வைத்ததே இல்லையா?

வைத்தேன், ஒரு தடவை. எங்கள் ஊர்த் தேரோட்டம். தேர் தெருமுனை திரும்புகிற அருமையான ஃபிரேம். கலசத்துக்கு மேலே குறுக்கே ஒரு மின்கம்பி தொய்ந்து கிடந்து வானத்தைக் கீறிக்கொண்டிருந்தது. சாமி படம்தானே, இதில் என்ன செய்தி என்று அழித்துவிட்டு ஒரு நாளிதழுக்கு அனுப்பினேன். நல்ல அளவில் போட்டார்கள். ஊரே பாராட்டியது.

மறு வருஷம் திருவிழாவுக்கு முன்னால், அந்த முனையில் கம்பி தாழ்ந்திருக்கிறது, தூக்கிக் கட்டுங்கள் என்று தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். அலுவலகத்தில் இருந்தவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் பக்தியோடு வைத்திருந்த பேப்பர் கட்டிங்கைக் காட்டி, "போன வருஷப் படத்திலேயே கம்பி எதுவும் இல்லையே" என்றாராம். மனு கொடுத்தவர்களில் ஒருவர் என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு வியர்த்துவிட்டது. கம்ப்யூட்டரில் அசல் ஃபைலைத் தேடி எடுத்து, பெரிதாகப் பிரிண்ட் போட்டு, நானே கொண்டுபோனேன். அவர் கட்டிங்கையும் பிரிண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார். "இரண்டும் நீங்கள் எடுத்ததுதானே? இதில் எதை நம்பச் சொல்கிறீர்கள்?" என்றார். கம்பியை ஏற்றிக் கட்டினார்கள். 2022 ஏப்ரலில் தஞ்சாவூர் பக்கம் களிமேட்டில் தேர் மின்கம்பியில் பட்டு 11 பேர் செத்துப்போன செய்தியைப் படித்த அன்று, அந்த பிரிண்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது இப்போது வகுப்பு நடக்கும் அறையில், கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது.